தமிழ் பீரோவைக் காப்பாற்றினோம்

என் மாமியாரிடம் வெளியே போகக் கேட்பதற்கு மூன்றே காரணங்கள்தான் செல்லும்: கோயில், ஆஸ்பத்திரி, சாவு வீடு. கோயில் என்றால் எங்கள் தெருக்கோடியில் மிஷன் காலத்தில் கட்டிய சர்ச். ஆஸ்பத்திரிக்கும் சாவு வீட்டுக்கும் அவரே கூட வந்துவிடுவார். நான்காவதாக லைப்ரரியைச் சேர்த்தவள் நான்தான். அதைச் சேர்ப்பதற்குள் எனக்கு உன்னைப் பிடி என்னைப் பிடி என்று ஆகிவிட்டது.

எழுபதுகளில் நான் சித்தூருக்கு மருமகளாக வந்தேன். என் கணவருக்குத் திருப்பதியில் ஒரு அலுவலகத்தில் வேலை. அங்கே வீடு கிடைத்ததும் என்னை அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். வீடு கிடைக்கிற பாடாக இல்லை. யாத்திரைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பழகிய ஊர், குடித்தனக்காரனை யார் சீந்துவார்கள்? சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருவார், திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் போவார். நடுவில் இருக்கிற நாட்களில் நானும் மாமியாரும், கண் பார்வை மங்கிய மாமனாரும், தெருவும்.

தெரு என்றேனே, அதுதான் பெரிய இம்சை. எல்லாரும் ஒரே சபை, எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். தண்ணீர் பிடிக்கப் போனால் ஒருத்தி, அரைக்கக் கொடுக்கப் போனால் ஒருத்தி, கோயில் விட்டு வரும்போது நாலு பேர். எல்லார் வாயிலும் ஒரே கேள்வி. "இன்னா பொண்ணே, விசேஷம் ஏதாவது உண்டா?" கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, ஒன்றும் இல்லை. கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சிலர் எனக்காக உபவாசம்கூட இருந்தார்கள். அதனால்தான் எரிச்சலைக் காட்டவும் முடியவில்லை. மாதா மாதம் நாள் நெருங்கும்போது பயம் பிடித்துக்கொள்ளும். அந்த நாட்களில் யாராவது என் முகத்தைப் பார்த்தாலே, கேட்கத்தான் போகிறார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

லைப்ரரியில் யாரும் கேட்க முடியாது. சுவரில் பெரிய எழுத்தில் 'நிசப்தம்' என்று தெலுங்கில் எழுதி மாட்டியிருந்தார்கள். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பலகை என்ன சொல்கிறது என்று முதல் நாளே புரிந்துபோனது. அந்த ஊரில் எனக்காகவே எழுதி வைத்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

வெள்ளைக்காரக் கலெக்டர்கள் இருந்த காலத்துக் கட்டடம் அது. சுவர் ஒரு முழத்துக்குமேல் தடிமன். சித்தூர் வெயிலில் நடந்து போய் அந்த வாசலுக்குள் கால் வைத்தால், நனைத்த துணியை நெற்றியில் போட்ட மாதிரி இருக்கும். உயரமான கூரையிலிருந்து நீளக் கம்பியில் மின்விசிறிகள் தொங்கிக் கடகடவென்று சுற்றும். ஆண்கள் கூடத்தில் சாய்வுப் பலகைகளில் தெலுங்குப் பேப்பர்களையும் இங்கிலீஷ் பேப்பர்களையும் விரித்துக் கம்பி போட்டு வைத்திருப்பார்கள். பென்ஷன்காரர்கள் நின்றுகொண்டே மேய்வார்கள். பக்கத்தில் ஒரு பச்சை அரைக்கதவு. அதைத் தள்ளினால் பெண்கள் அறை. நீள மேஜை, சாய்மான நாற்காலிகள், ஒரு மண்பானையில் தண்ணீர், பெரிய ஜன்னல். ஜன்னல் வழியாகப் பலமனேரிலிருந்து தக்காளி ஏற்றி வரும் லாரிகள் போவது தெரியும். டிரெயினிங் ஸ்கூல் பெண்கள் இரண்டு மூன்று பேர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அடடா, என்ன சுகம்! நான் ஒரு மருமகள் இல்லை, ஒரு பொண்டாட்டி இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

அந்த அறையின் மூலையில்தான் தமிழ் பீரோ இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட ஒற்றை பீரோ. கதைகள், பிரயாணக் கட்டுரைகள், பிரசவ வைத்தியம், கோழி வளர்ப்பு என்று எல்லாம் கலந்து கிடக்கும். நான் ஆற்காட்டுப் பக்கம் தமிழில் படித்தவள். என் தெலுங்கு கத்திரிக்காய் பேரம் பேச மட்டும்தான் உதவும். ஆகவே அந்த பீரோதான் எனக்கு லைப்ரரி.

வீட்டில் அனுமதி வாங்கித் தந்தது புத்தகம் இல்லை, தேதி. உள்ளே ஒட்டிய தாளில் திருப்பித்தர வேண்டிய தேதியை முத்திரை குத்துவார்கள் இல்லையா? மாமனார் ரிடையர்டு வாத்தியார். தேதி தவறுவது அவருக்குப் பாவத்தில் சேர்த்தி. "தேதி ஆயிடுச்சு அத்தே" என்று அவர் காதில் விழும்படி சொல்வேன். "புஸ்தகம் மாத்தத்தான போறா, போய்ட்டு வரட்டும்" என்பார் அவர். மாமியார் வாயை மூடிக்கொள்வார். வியாழக்கிழமை மதியம் நான் தெருவைத் தாண்டிவிடுவேன். கதைப் புத்தகம் படித்தால் கண்ணும் கெடும் மனசும் கெடும் என்பது மாமியாரின் கட்சி. வேதத்தைத் தவிர அவர் வேறு எதையும் தொட்டதில்லை.

இப்படி ஒரு வியாழக்கிழமை நான் போனபோது லைப்ரேரியன் என்னைக் கூப்பிட்டார். அவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷர், எங்களோடு ஒரு மாதிரித் தமிழ் பேசுவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஏமம்மா, ஒரு விஷயம் செப்பணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். பெரிய ஆபீசர் வராரு. தமிழ் பீரோக்கு இஷ்யூ லேதும்மா. நீங்க ஒருத்தர், இன்னும் ரெண்டு பேர், அவ்ளோதான். இஷ்யூ இல்லாத பீரோவை எடுத்துடுன்னு ஆர்டர்."

"எடுத்துட்டு?"

"பிள்ளைங்க புஸ்தகம் வைப்பாங்க. தமிழ் புக்ஸ் அன்னீ, எல்லாம் கட்டு கட்டி குடோன்க்கு போயிடும்."

அன்று நாற்காலியில் உட்கார்ந்தேனே ஒழிய ஒரு வரி படிக்கவில்லை. பீரோ போனால் புத்தகம் போகும். புத்தகம் போனால் தேதி போகும். தேதி போனால் என்ன சொல்லிக்கொண்டு தெருவைத் தாண்டுவது? 'ஏம்மா, நீ தெலுங்கா படிக்கப் போற?' என்று மாமியார் கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஐயரம்மா வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. அந்த அம்மாள் கையில் ஒரு காரியத்தைக் கொடுத்தால் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவார். என் வயிற்றெரிச்சலையெல்லாம் சொல்லவில்லை. "தமிழ் புஸ்தகத்த குடோன்ல போடப் போறாங்களாம் ஐயரம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"போட்ருவாங்களா? நாம இன்னா செத்தா பூட்டோம்?" என்று எழுந்தே விட்டார்.

எங்கள் சபையில் பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவோம். கொண்டுவராத வீடு எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அதனால் கொண்டுவராத வீடே கிடையாது. ஐயரம்மா லைப்ரரி விஷயத்தையும் பிடி அரிசிக் கணக்கில் சேர்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, வீட்டுக்கு இத்தனை புத்தகம் என்று அறிவித்தார். அவ்வளவுதான். திங்களும் செவ்வாயும் எங்கள் தெருப் பெண்கள் கும்பல் கும்பலாகப் போய் மெம்பர் ஆனார்கள், புத்தகம் எடுத்தார்கள். எழுத்து வாசனையே இல்லாத ஒரு பாட்டி, அட்டை நன்றாக இருக்கிறது என்று ஒன்று எடுத்தார். கோழியே வளர்க்காத ஒரு அக்கா கோழி வளர்ப்பை எடுத்துப் போனார். என் மாமியாருக்கு மானப்பிரச்சினை ஆகிவிட்டது. மாமனாரை அனுப்பி அவர் பேரில் இரண்டு புத்தகம் வாங்கிவரச் செய்து, வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் படாமல் கொஞ்சம் தள்ளி வைத்தார். "சபை காரியம். அதுக்காகத்தான்" என்றார்.

எனக்கு ஆறுதலாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டுவிட்டால் தூக்கம் எங்கே வருகிறது? அந்த வியாழக்கிழமை நான் போகவில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று தேதியை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் அறைக்குள் நுழைந்து மூலையைப் பார்த்தேன். பீரோ காலி. சுத்தமாகக் காலி. தட்டுகளில் விரித்திருந்த பழைய பேப்பரும் ரசகற்பூர உருண்டைகளும்தான் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. எங்கள் ஆட்கள் ஒரு புத்தகத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நாலு புத்தகமாவது பீரோவில் இருந்தால்தானே பீரோ என்று ஒரு புண்ணியவதிக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை. சொன்னதற்கு மேல் செய்தே பழகின சபை!

அந்த நேரம் பார்த்து அரைக்கதவு திறந்து ஆபீசர் வந்தார். வெள்ளை பாண்ட், கையில் குடை, களைத்த முகம். பின்னால் லைப்ரேரியன், அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆபீசர் நேராக பீரோவிடம் போய்க் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏமண்டி, பீரோ காலிகா உந்தி கதா?"

"அன்னீ இஷ்யூ ஐபோயினாயி சார்" என்றார் லைப்ரேரியன், எல்லாம் வெளியே போயிருக்கிறது என்று.

"அன்னீனா? ஒக்கடி கூடா லேதா?" ஒன்றுகூடவா இல்லை என்று ஆபீசர் அவரை மேலும் கீழும் பார்த்தார். எந்த ஊர் லைப்ரரியில் எல்லாப் புத்தகமும் வெளியே போயிருக்கிறது என்று தெலுங்கில் கேட்டார். எல்லாப் புத்தகமும் வெளியே போகிற லைப்ரரி கிடையாது, புத்தகம் காணாமல் போகிற லைப்ரரிதான் உண்டு என்றார். லைப்ரேரியனுக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பீரோவைக் காப்பாற்றப் போய் இந்த மனுஷர் வேலைக்கே உலை வைத்துவிட்டோமே என்று பதறிப்போனேன்.

அந்த அறையில் நான் அதுவரை வாய் திறந்ததில்லை. எழுந்து நின்றேன். என் கத்திரிக்காய்த் தெலுங்கில் கத்தினேன், மெதுவாகப் பேச வரவில்லை. "சார், புஸ்தகாலு மா இண்ட்லலோ உன்னாயி சார்! இப்புடே தெஸ்தாமு!" எங்கள் வீடுகளில் இருக்கிறது, இப்போதே கொண்டுவருகிறோம் என்று. எழுதிக்கொண்டிருந்த பெண்கள் பேனாவை நிறுத்திவிட்டார்கள்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். சாயங்காலம் திருப்பதி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அதற்குள் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார்.

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மருமகள் அந்த வெயிலில் ஓடுவதைக் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. தெருவுக்குள் போனால் வீடெல்லாம் பூட்டு. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம்! அத்தனை பேரும் கோயிலில். ஓடிப்போய் வாசலில் நின்றேன். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலில். என் மாமியார்தான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் ஜெபம் தெருவில் பிரசித்தம், ஆரம்பித்தால் வியாதியஸ்தர், விதவைகள், பரீட்சை எழுதும் பிள்ளைகள், மழை, கவர்மெண்ட் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் முடியும். ஜெபத்தில் குறுக்கே பேசக்கூடாது. பிறந்ததிலிருந்து பேசினதில்லை. மாமியார் விதவைகளை முடித்துவிட்டு, "என் மருமகளோட கர்ப்பத்த ஆசீர்வதிக்கணும் ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல், "ஆமென்!" என்று ஓங்கிச் சொன்னேன்.

பழக்கதோஷம். மொத்தக் கோயிலும் "ஆமென்" என்றது. கண் திறந்தார்கள்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு?" என்று ஐயரம்மா எழுந்தார்.

"பீரோ காலியா கீது ஐயரம்மா! புஸ்தகத்த நாமளே தின்னுட்டோம்னு நெனச்சிக்கினு நிக்கறாரு அந்த ஆபீசரு. லைப்ரரிக்காரர் வேல போயிடும். எல்லாரும் எடுத்துக்கினு வாங்க!"

பட்டினிக் கோலத்தில், வெள்ளைப் புடவைகளில், அந்தப் பெண்கள் கிளம்பினார்கள் பாருங்கள். முறத்தில் வைத்துக்கொண்டு ஒருத்தி, கூடையில் ஒருத்தி, பிள்ளையை இடுப்பிலும் புத்தகத்தைத் தலையிலும் வைத்துக்கொண்டு ஒருத்தி. என் மாமியார் தன் இரண்டு புத்தகங்களையும் மாரோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். லைப்ரரி வாசலை அவர் மிதித்தது அன்றுதான். பென்ஷன்காரர்கள் பேப்பரை விட்டுவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள். மேஜை நிறைந்தது, மீதி ஜன்னல் விளிம்பில். லைப்ரேரியன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் குறையவில்லை.

ஆபீசர் குடையை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகம் மாறிவிட்டது. இத்தனை பெண்களும் இவ்வளவு தூரம் நடந்து வந்தா படிக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நடந்துதான் சார்" என்றார் ஐயரம்மா, விடுவாரா! "வெயில்லதான். புள்ளகுட்டிய விட்டுட்டு, அடுப்ப அணச்சிட்டு." இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கால் வலி, லாரிப் புழுதி, கடைத்தெருப் பையன்கள் கேலி. என் மாமியார் என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார்.

"என் மருமகளப் பாருங்க சார், வாரா வாரம் வெயில்ல வெந்துக்கினு வரா. படிப்புன்னா அவ்ளோ உசிரு. பாத்தா பாவமாக் கீது."

லைப்ரேரியன் அதைத் தெலுங்கில் சொன்னார். ஆபீசர் தலையாட்டினார். அவர் கண்ணில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. என் மனசு துள்ளியது. பிழைத்தோம், பீரோ இங்கேயேதான் இருக்கும் என்று நினைத்தேன். அவர் லைப்ரேரியனிடம் கொஞ்ச நேரம் பேசினார். லைப்ரேரியன் எங்கள் பக்கம் திரும்பினார், முகமெல்லாம் சிரிப்பு.

"குடோன் லேதும்மா! சார் ஆர்டர் போட்டுட்டாரு. உங்க தெருவுலேயே புக் டெபாசிட் சென்டர். உங்க சர்ச் ஹால்ல. எங்க அட்டெண்டர் பெட்டியில புஸ்தகம் கொண்டாந்து வெச்சிட்டு, மாத்தி மாத்திக் கொடுப்பாரு. இனி லேடீஸ் யாரும் இவ்ளோ தூரம் நடக்கத் தேவையே லேது!"

ஒரே ஆரவாரம். 'நிசப்தம்' பலகையை யார் பார்த்தார்கள்? ஐயரம்மா அந்த இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னார். எல்லாரும் என் கன்னத்தைத் தடவினார்கள், "உன்னாலதான், உன்னாலதான்" என்றார்கள். மாமியார் அழுதேவிட்டார்.

நான் என்ன சொல்ல முடியும், சொல்லுங்கள்? எனக்கு அந்த வெயில் வேண்டும் என்றா? எனக்கு வேண்டியது இந்த நாற்காலியும், என்னை நிமிர்ந்து பார்க்காத இந்தப் பெண்களும்தான், புத்தகம் அப்புறம் என்றா? அத்தனை பேர் முன்னால், எனக்காகப் பட்டினி வயிற்றோடு நடந்து வந்தவர்கள் முன்னால்? ஆபீசருக்குக் கும்பிடு போட்டேன். போகிறபோது ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன், பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை கணவர் வந்ததும் அவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அடி, நல்லதுதான! உனக்கு அலைச்சல் மிச்சம்" என்றார். திருப்பதியில் வீடு பார்த்தாயிற்றா என்று கேட்டேன். பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

அடுத்த வாரம் பெட்டி வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோதே கோயில் ஹாலில் கூட்டம் கூடிவிட்டது. கை துடைத்துக்கொண்டு போவதற்குள் மாமியார் எதிரே வந்துவிட்டார், முந்தானையில் ஒரு புத்தகத்தை மூடிக்கொண்டு. என் கையில் வைத்தார். செங்கல் கனம்.

"மொதல் ஆளா போய் எடுத்தாந்தேன், இன்னொருத்தி கண்ணுல படறதுக்கு முன்ன. இருக்கறதுலயே குண்டு புஸ்தகமாப் பாத்து எடுத்தேன் உனுக்கு. ரொம்ப நாள் தாங்கும்மா. நீ வாசல் தாண்டவே வேணாம்" என்றார், ஆசையோடு.

"சரிங்க அத்தே" என்று வாங்கிக்கொண்டேன்.